தண்ணீர் இறங்கிய நேரம்

நெஞ்சு படபடக்கிறது என்று போனால் ஈசிஜி எடுக்கிறார்கள், நார்மல். வயிற்றைப் பிசைகிறது என்றால் எண்டோஸ்கோப்பி, நார்மல். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று, நார்மல். இடையில் யாரோ ‘பயந்த கோளாறு’ என்று சொல்ல, மந்திரித்து விபூதியும் போட்டாயிற்று. இரண்டு வருடம் சுற்றிய பிறகு, மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ வேறெங்கோ ஒரு மருத்துவர் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கிறார். அங்கே ஒரு மாத்திரை தருகிறார்கள். கூடவே, வாரத்தில் ஒரு நாள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கும் வரச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் எழும். உடம்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு மாத்திரை எதற்கு? மாத்திரை கேட்கிற நோய்தான் என்றால் பேச்சு எதற்கு? இரண்டும் நியாயமான கேள்விகள். ஒன்று மற்றொன்றை வெட்டுவதுபோலத் தோன்றுவதால், பலர் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். மாத்திரையும் பேச்சும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். அவற்றின் வேலை வேறு, வேலை செய்யும் நேரமும் வேறு. அந்த நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

முகவரி இல்லாத கவலை

கவலை நோயல்ல. பெரியாறு அணையில் நீர்மட்டம் இறங்கினால் மேலூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயி கவலைப்படத்தான் செய்வார். நாற்றுப் பாவுவதைத் தள்ளிப்போட வைப்பதும், குறைந்த தண்ணீரில் வரும் பயிரை யோசிக்க வைப்பதும் அந்தக் கவலைதான். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் அது இறங்கிவிடும். அதற்கு ஒரு முகவரி இருந்தது. வேலை முடிந்ததும் போய்விட்டது.

தண்ணீர் வந்த பிறகும் இறங்காத கவலை ஒன்று உண்டு. தண்ணீர் வந்ததும் அது ‘கரை உடைந்தால்?’ என்று மாறும்; கரை நின்றால் ‘விலை விழுந்தால்?’ என்று மாறும். விலையும் கிடைத்துவிட்டால், போன மாதம் வந்த தலைவலி மூளைக் கட்டியோ என்று மாறும். பொருள் மாறிக்கொண்டே இருக்க, கவலை மட்டும் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் ஜெனரலைஸ்டு ஆங்ஸைட்டி டிஸார்டர் எனப்படும் இதை இங்கே ‘பரவிய பதற்ற நோய்’ என்று அழைப்போம். 1980-இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில்தான் இது தனி நோயாகப் பெயர் பெற்றது. இன்றைய வரையறைப்படி, கட்டுப்படுத்த முடியாத கவலை குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். அதோடு நிலைகொள்ளாமை, களைப்பு, கவனம் சிதறுதல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கெடுதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்று சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பாதி உடம்பைச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். நோயாளி முதலில் இதய மருத்துவரிடமும் வயிற்று மருத்துவரிடமும் போவதில் அதனால்தான் வியப்பில்லை. நோயாளிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உடம்பும் பொய் சொல்லவில்லை.

எட்டரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டு போவோம். திருமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் ஒரு தாயைக் கற்பனை செய்யுங்கள். மகனுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை. தினமும் நான்குவழிச் சாலையில் பைக்கில் வந்து, இரவு எட்டரைக்கு வீட்டில் இருப்பான். இன்று மணி எட்டு நாற்பது. இன்னும் வரவில்லை.

முதலில் உடம்பு மணியடிக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றில் ஏதோ புரள்கிறது. அடுத்து எண்ணம்: ‘என்னமோ ஆயிடுச்சு.’ மூன்றாவது செயல்: போன் செய்கிறார். வண்டி ஓட்டுபவன் எடுக்கவில்லை, எடுக்கக் கூடாதுதான். மறுபடி அடிக்கிறார். கூட வேலை பார்க்கும் பையனுக்கு அடிக்கிறார். எட்டு ஐம்பதுக்குத் தெருமுனையில் போய் நிற்கிறார். எட்டு ஐம்பத்தைந்துக்கு மகன் வருகிறான்; டீ குடிக்க நின்றிருக்கிறான். அப்பாடா என்று மூச்சு வருகிறது.

இந்த அரை மணி நேரத்தில் அந்தத் தாயின் மூளை எதைக் கற்றுக்கொண்டது? ‘தாமதமானாலும் பிள்ளை வந்துவிடுவான்’ என்பதைத்தானே கற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. பதற்றம் ஏறியது, போன் செய்தார், தெருவில் நின்றார், மகன் வந்தான், பதற்றம் இறங்கியது. ஆகவே மூளையில் பதிந்தது வேறு பாடம்: ‘பதறியதால் தப்பித்தோம்.’ போன் செய்ததற்குக் கிடைத்த பரிசு அந்த நிம்மதி. நாளை எட்டரைக்கு முன்பே கை போனைத் தேடும். உலகத்தில் ஆபத்து கூடாமலே, ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சின்னச் சின்ன நிம்மதியை உண்டே பதற்றம் வளரும்.

கனடாவின் கியூபெக் பகுதியில் பணியாற்றிய உளவியலாளர் மிஷேல் துகா இந்த நோயின் நடுநரம்பைத் தொட்டுக் காட்டினார். இவர்களுக்கு ஆபத்தைவிட நிச்சயமின்மைதான் தாங்க முடியாதது என்பது அவர் ஆய்வுகளின் சாரம். சிலருக்கு ஒரு துளி மகரந்தமே போதும், தும்மல் அடங்காது. அதுபோல இவர்களுக்குத் துளி ‘தெரியாது’ போதும், உடம்பு முழுக்க மணியடிக்கும். இதை ‘நிச்சயமின்மை ஒவ்வாமை’ என்று சொல்லலாம். மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத இருபத்தைந்து நிமிடம்தான் அந்தத் தாய்க்கு நோய்.

மாத்திரை எங்கே கை வைக்கிறது

மணி, எண்ணம், செயல் என்று மூன்றாகப் பிரித்தோம். மருந்து முதலில் கை வைப்பது மணியில். இந்த நோய்க்கு இன்று முதலில் எழுதப்படுபவை எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகள். மனச்சோர்வுக்கும் இவற்றையே தருவதால் சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூளையின் நரம்பு இணைப்புகளில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்கள் செயல்படும் விதத்தை இவை மாற்றுகின்றன. அந்த மாற்றம் சில மணி நேரத்திலேயே தொடங்கினாலும், பதற்றம் தணிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. ‘குறைந்த ரசாயனத்தை மாத்திரை நிரப்புகிறது’ என்ற எளிய விளக்கம் போதாது என்பதற்கு இந்தத் தாமதமே சாட்சி. நரம்புப் பின்னல் மெல்லத் தன்னைத் திருத்திக்கொள்ள அவகாசம் எடுக்கிறது. முதல் சில நாட்களில் குமட்டலும் கூடுதல் படபடப்பும் வரலாம். ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல’ என்று பலர் நிறுத்திவிடுவது பலன் தொடங்குவதற்கு முந்திய அந்த நாட்களில்தான்.

இன்னொரு வகை, அல்பிரசோலம், டயாசிபாம் போன்றவை. பேச்சு வழக்கில் ‘தூக்க மாத்திரை’. இவை அரை மணி நேரத்திலேயே அமைதி தரும். நெருக்கடியில் சில நாட்களுக்கு உதவும் என்றாலும், இந்த வேகமே இவற்றின் சிக்கல். பதற்றம் ஏறுகிறது, மாத்திரை உள்ளே போகிறது, நிம்மதி வருகிறது. தெருமுனையில் நின்ற தாய்க்கு நடந்ததும் இதேதான். மாத்திரை இங்கே போன் அழைப்பின் வேலையைச் செய்கிறது. ‘மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்’ என்ற பாடம் பதிகிறது. உடலும் பழகி, விட முடியாத நிலை வரலாம். இந்தியாவில் 2014 மார்ச் முதல் இவை எச்1 என்ற கடும் பட்டியலில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. எழுதிய மருத்துவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

முதல் வகைக்கே திரும்புவோம். அது நோயைத் தீர்க்கிறதா, அடக்கி மட்டும் வைக்கிறதா? 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு 28 ஆய்வுகளையும் 5,200-க்கு மேற்பட்ட பதற்ற நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. மருந்தில் குணமடைந்தவர்களில் பாதிப்பேருக்கு மருந்து தொடர்ந்தது. மற்றவர்களுக்கு அவர்கள் அறியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டது. தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு நோய் திரும்பியது. வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 36 பேருக்குத் திரும்பியது. இந்த எண்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் ஆபத்து இரட்டிப்புக்கு மேல் கூடுகிறது என்பது ஒரு பக்கம். நிறுத்தியும் 64 பேர் அந்த ஆய்வுக் காலத்தில் நன்றாக இருந்தார்கள் என்பது மறுபக்கம். ‘ஒருமுறை தொட்டால் ஆயுள் முழுக்க’ என்ற பயத்துக்கு அதுவே பதில். அந்த 36 பேர் 64 பேர் பக்கம் சேர என்ன வழி? மாத்திரை மணியைத் தணித்தது. போனைத் தேடும் கைக்கு அது எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

வட்டமாக உட்கார்ந்தால்

குழுவாகப் பேசிக் குணப்படுத்துவது ஏழ்மையிலிருந்து பிறந்த முறை. 1905-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒரு முறை கூட்டி வகுப்பு எடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை என்பதுதான் தொடக்கக் காரணம். ஆனால் ஒருவர் தேறுவதைப் பார்த்து மற்றவர் நம்பிக்கை பெறுவதை அவர் கண்டார். பிற்காலத்தில் இர்வின் யாலோம் என்ற மனநல மருத்துவர், குழுவில் குணம் தரும் அம்சங்களைப் பட்டியலிட்டபோது அவற்றில் ஒன்றாக ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற கண்டுபிடிப்பையும் வைத்தார்.

பரவிய பதற்ற நோய்க்கான குழுவில் புலம்பல் கொஞ்சம், பயிற்சி அதிகம். எண்ணத்தையும் செயலையும் சோதித்துத் திருத்தும் இந்த முறையை எண்ண-நடத்தைப் பயிற்சி என்பார்கள். துகா குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 52 நோயாளிகள், நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு குழுக்களில் 14 அமர்வுகளில் பங்கேற்றார்கள். சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் தெளிவாகத் தேறினார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது.

நம் தாயை அப்படி ஒரு வட்டத்தில் உட்கார வைப்போம். அருகில் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர். நாளுக்குப் பத்து முறை ரத்த அழுத்தம் பார்க்கிறார். எதிரே ஒரு பெண். மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த பிறகும் தூங்கவில்லை. ‘பத்துத் தடவை பாத்தா அழுத்தம் ஏறத்தானே செய்யும்?’ என்று தாய்க்கு உடனே தோன்றுகிறது. நடத்துநருக்கோ, வண்டி ஓட்டும் பையனுக்குப் போன் அடிப்பதுதான் ஆபத்து என்று தோன்றுகிறது. அடுத்தவர் கவலையில் ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிகிறது. தன்னுடையது மட்டும் நியாயமாகப் படுகிறது. அந்த வேறுபாட்டை வட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறார்கள். தனி அறையில் ஒரு நிபுணர் இதை விளக்கிச் சொல்லத்தான் முடியும். வட்டத்தில் அது கண் முன்னால் நடக்கிறது.

பிறகு வீட்டுப்பாடம். இந்த வாரம் ஒன்பது மணிக்கு முன்னால் போன் கிடையாது. ஒரு நோட்டில், எட்டரைக்குத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறார், உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். மதிப்பெண் ஆறு, எட்டு, ஒன்பது என்று ஏறி, எதுவும் செய்யாமலே ஏழுக்கும் ஐந்துக்கும் இறங்குவதை அந்தத் தாய் தன் கையெழுத்திலேயே பார்க்கிறார். போன் இல்லாமலும் பதற்றம் இறங்கும் என்ற பாடம் அப்போதுதான் முதன்முறையாகப் பதிகிறது. அடுத்த வாரம் ஒன்பதே கால். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இந்த நோய் உள்ளவர்களைத் தங்கள் கவலைகளை எழுதி, ஒரு மாதம் பின்தொடர்ந்து சரிபார்க்கச் சொன்னார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கவலைகள் பலிக்கவில்லை. ‘கவலைப்படாதே’ என்று ஆயிரம் முறை கேட்பதைவிடத் தன் நோட்டில் இந்தக் கணக்கைப் பார்ப்பது வலிமையானது.

தண்ணீர் இறங்கினால்தான் கரை

மணி உச்சத்தில் அடிக்கும்போது நோட்டில் மதிப்பெண் எழுதவே கை வராது என்பதுதான் இடையூறு. இரவெல்லாம் தூங்காதவர் அமர்வில் சொன்னதைக் கேட்டுக்கொள்ள மாட்டார். பஸ் ஏறி வருவதே அவருக்கு மலை. மாத்திரையும் குழுவும் ஒன்றுக்கொன்று தேவைப்படுவது இந்த இடத்தில்தான். மதுரைச் சமவெளிக்காரர்களுக்கு இதை விளக்கக் கண்மாய் போதும். பெருவெள்ளத்தில் யாரும் கரையைச் செப்பனிட மாட்டார்கள். கலுங்கு வழியாகத் தண்ணீர் வழிந்து மட்டம் இறங்க வேண்டும். மட்டம் இறங்கியதாலேயே கரை பலப்பட்டுவிடாது. கோடையில் ஊர் கூடிக் குடிமராமத்து செய்ய வேண்டும். மாத்திரை தண்ணீரை இறக்குகிறது. குழு கரை கட்டுகிறது. அடுத்த மழை வரும்போதுதான் கரை கட்டியது தெரியும்.

உவமை அழகாக இருப்பதால் உண்மையாகிவிடாது; சான்று வேண்டும். பதற்ற நோய்களில் இரண்டையும் சேர்த்துச் சோதித்த பெரிய ஆய்வு, 2008-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேர். பரவிய பதற்றம், பிரிவுப் பயம், சமூகப் பயம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, நூறு பேருக்கு இத்தனை பேர் என்ற கணக்கில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 பேரும், செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்களில் 55 பேரும், எண்ண-நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 60 பேரும் நன்கு தேறியிருந்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் 81 பேர். தனியாகச் சிறந்து நின்ற சிகிச்சையைவிட 21 பேர் கூடுதல். ஐந்து பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பிள்ளை கூடுதலாகத் தேறுகிறது என்று பொருள். இது பிள்ளைகளிடம், தனித்தனியாகப் பேசி நடத்தப்பட்டது. சேர்த்துப் பெற்றவர்களுக்குத் தாங்கள் உண்மையான மருந்தே சாப்பிடுகிறோம் என்பதும் தெரியும். அந்த நம்பிக்கைக்கும் இந்த எண்ணில் பங்கு இருக்கலாம். இந்த எச்சரிக்கைகளைக் கழித்துக்கொண்டாலும், இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்றால் இவ்வளவு கூடுதல் வந்திருக்காது.

மறுப்புகளின் முறை

சேர்ப்பதற்கு எதிரான வலுவான மறுப்பும் ஆய்விலிருந்தே வருகிறது. டேவிட் பார்லோ குழுவினர் 2000-இல் வெளியிட்ட, 312 பேர் கொண்ட ஆய்வு, திடீர்ப் பீதி நோயில் மருந்தையும் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை நடக்கும்வரை சேர்க்கை நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இமிபிரமின் என்ற மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களைவிட, வெற்று மாத்திரையும் பயிற்சியும் பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். மருந்து கற்றலைக் கெடுத்ததா? ‘குணமானது மாத்திரையால்’ என்று நம்பியவர்களுக்கு, மாத்திரை போனதும் நம்பிக்கையும் போயிருக்கலாம். மணியே அடிக்காத நிலையில் கற்ற பாடம், மணி திரும்ப அடிக்கும்போது கைகொடுக்காமல் போயிருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு, நம் நோய்க்கு இன்னும் நெருக்கமானது. பரவிய பதற்ற நோயுள்ள பெரியவர்களிடம் வென்லாஃபாக்ஸினோடு பேச்சு சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. பேச்சு சிகிச்சை வேண்டுமா என்று கேட்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கே ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் தந்த வழிகாட்டுதலும் எல்லோருக்கும் இரண்டையும் கொடு என்று சொல்லவில்லை. முதலில் எளிய பயிற்சியும் கற்பிக்கும் குழுவும்; போதாவிட்டால் பேச்சு அல்லது மருந்து, நோயாளியின் விருப்பப்படி; அதற்கும் அசையாதவர்களுக்கே இரண்டும் சேர்த்து. படிப்படியான ஏற்பாடு அது.

இந்த மறுப்புகளை ஒதுக்கித் தள்ளக் கூடாது. அவை நம் வாதத்தைக் கூர்மையாக்குகின்றன. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பது சேர்க்கையின் மிக மோசமான வடிவம் என்பதே பார்லோ ஆய்வு சொல்வது. மருந்து நிற்கும் நேரத்தில்தான் மணி திரும்ப அடிக்கும். கற்ற பாடத்துக்கு உண்மையான தேர்வு அன்றுதான்; அன்று பார்த்து வகுப்பை மூடிவிட்டால் எப்படி? கியூபெக்கில் நடந்து 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஓராண்டுக்கு மேல் டயாசிபாம் வகை மாத்திரை சாப்பிட்டுவந்த 61 பரவிய பதற்ற நோயாளிகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை மெல்லக் குறைத்தார்கள். குறைக்கும் அந்த மாதங்களில் எண்ண-நடத்தைப் பயிற்சியும் பெற்றவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் முழுதாக விட்டார்கள். வெறுமனே ஆதரவாகப் பேசப்பட்டவர்களில் அது 37 விழுக்காடுதான். பயிற்சி இரட்டிப்புப் பலன் தந்தது மாத்திரை ஏறும்போதல்ல, இறங்கும்போது.

ஆகவே சேர்க்கையின் மதிப்பைப் பன்னிரண்டாவது வாரத்தில் மட்டும் அளப்பது, கரையின் பலத்தைக் கோடையில் அளப்பது போன்றது. மணி பலமாக அடிப்பவருக்கு மாத்திரை முதலில் வரட்டும். நாலைந்து வாரத்தில் தூக்கமும் கவனமும் திரும்பியதும் குழு தொடங்கட்டும். குணமடைந்த பிறகும் ஆறு மாதமோ ஒரு வருடமோ மருத்துவர் சொல்லும்வரை மாத்திரை தொடரட்டும். அவர் அளவைக் குறைக்கும் வாரங்களில், மாதம் ஒரு முறையாவது அந்த வட்டம் கூடட்டும். மேலே சொன்ன பிள்ளைகளில் 319 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, 22 விழுக்காட்டினர்தான் தொடர்ந்து நலமாக இருந்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் வந்து வந்து போனது. முதலில் எந்தச் சிகிச்சை பெற்றார்கள் என்பது அதை மாற்றவில்லை. குடிமராமத்து ஒரு தடவைச் சடங்காக இருந்திருந்தால் எந்தக் கண்மாயும் நின்றிருக்காது.

நாலு பேர் முன்னால்

ஆய்வுத் தாளில் இல்லாத மறுப்பு ஒன்று உண்டு: ‘நாலு பேர் முன்னாடி இதையெல்லாம் எப்படிச் சொல்றது?’ பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போய்விடுமோ, ஊரில் பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்களோ என்ற பயம் வெறும் கற்பனையல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். மனநோய் என்றாலே அந்தச் சங்கிலி நினைவுக்கு வரும் பகுதி இது. ஆகவே குழு நடத்துபவர்கள் இந்தப் பயத்தை மதித்து அமைக்க வேண்டும். ஒரே தெருக்காரர்களை ஒரே வட்டத்தில் போடக் கூடாது. பெண்கள் விரும்பினால் தனிக் குழு. பேசியது வெளியே போகாது என்ற உறுதி முதல் அமர்விலேயே. இந்தக் குழுவில் குடும்ப ரகசியம் எதையும் கொட்டத் தேவையும் இல்லை. ‘பையன் வரத் தாமதமானால் பத்துக்கு ஒன்பது’ என்பதைச் சொன்னால் போதும், பயிற்சி நடக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், குடியில் சிக்கியவர்கள், பேசவே முடியாத அளவு கூச்சம் உள்ளவர்கள் ஆகியோருக்கு முதலில் தனிச் சிகிச்சைதான்.

‘இதற்கு எதற்குக் குழு? திண்ணையிலும் கோயிலிலும் பேசுவதுதானே?’ என்றும் கேட்கலாம். திண்ணைப் பேச்சு ஆறுதல் தரும். ‘ஒண்ணும் ஆகாது, வந்துருவான்’ என்பார்கள். சிக்கல் அங்கேதான். நிச்சயமின்மை ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஆறுதலும் இன்னொரு போன் அழைப்பு. கொஞ்ச நேரம் நிம்மதி, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஆறுதல். பயிற்சி பெற்ற வழிநடத்துநர் உள்ள குழு, ஆறுதலைத் தெரிந்தே அளந்து கொடுக்கும். ‘தெரியாது’ என்பதோடு உட்காரப் பழக்கும். அன்பான வீட்டார் பலரால் முடியாத வேலை அது. மற்றவர் கவலை தனக்கும் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்துக்கும் இதுவே பதில்: அங்கே பரிமாறப்படுவது கவலையைவிட, அதைச் சோதித்த கணக்குதான்.

மதுரைக் கணக்கு

பன்னிரண்டு பேருக்குத் தனித்தனியாகப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி தர ஒரு ஆலோசகருக்கு 144 மணி நேரம் வேண்டும். அதே பன்னிரண்டு பேரை வட்டமாக உட்கார வைத்து, இரண்டு மணி நேர அமர்வுகள் பன்னிரண்டு நடத்தினால் 24 மணி நேரம். நைஸ் பரிந்துரைக்கும் கற்பிக்கும் குழு இன்னும் சிக்கனம்: ஒருவர் நடத்த, ஏறத்தாழ பன்னிரண்டு பேர், வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம், மொத்தமே 12 மணி நேரம். பேச்சு சிகிச்சையாளர்கள் அரிதாக உள்ள நாட்டில், பலருக்குக் குழு இல்லையென்றால் பேச்சே இல்லை, மாத்திரை மட்டும்தான்.

இதைச் சிறப்பு மருத்துவர்கள்தான் நடத்த வேண்டுமா? கோவாவில் நடந்து 2010-இல் லான்செட் இதழில் வந்த ‘மானஸ்’ ஆய்வில், மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், மருத்துவரின் மருந்தோடு சேர்த்துப் பேச்சு சிகிச்சையும் தந்தார்கள். அரசு நிலையங்களில் மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களில், ஆறு மாதத்தில் 66 விழுக்காட்டினர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் 42 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தனியார் கிளினிக்குகளில் அந்த வேறுபாடு இல்லை. குழு வடிவுக்கு இன்னும் நெருங்கிய சான்று கர்நாடகத்தின் ராமநகரம் மாவட்டத்தில் கிடைத்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் 49 ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஏறத்தாழ 2,500 பேரிடம் சோதித்தார்கள். மனச்சோர்வோ பதற்றமோ இருந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவையும் உள்ளவர்கள் அவர்கள். நிலைய மருத்துவரின் சிகிச்சையோடு ஊர் அளவிலான குழு அமர்வுகளும் தொடர் கவனிப்பும் சேர்ந்த இடங்களில் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்தன.

மதுரைக்கு இதற்கான மண் ஏற்கெனவே பண்பட்டிருக்கிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இங்கே மனநல மறுவாழ்வில் மூன்று பத்தாண்டுகளாக இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டம் மனநல மருந்துகளை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ராமநகரத்தில் குழுவாகக் கூட்டப்பட்டவர்களும் இதே நோயாளிகள்தான். வட்டமாக உட்காரும் பழக்கமும் புதிதல்ல. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை போன்ற பெண்கள் கட்டியெழுப்பிய களஞ்சியம் குழுக்களில், கூலிப் பெண்கள் தவறாமல் கூடி, சேமிப்பையும் கடனையும் எல்லோர் முன்னாலும் கணக்குச் சொன்னார்கள். கடன் வாங்கியதை வெளியே சொல்வது மானக்கேடு என்று இருந்த ஊர்களில் அது நடந்தது. பணக்கணக்குக்கு இடம் கொடுத்த வட்டம், பதற்றத்தின் கணக்கு நோட்டுக்கும் இடம் கொடுக்கும். இன்றிரவே பேச வேண்டியவர்களுக்கு 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் மாத்திரை எதற்கு? இதயத்திலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. ஆனால் மணியடிக்கும் நரம்புப் பின்னல் உடம்பில்தான் இருக்கிறது, அதற்கு. மாத்திரை கேட்கிற நோய் என்றால் பேச்சு எதற்கு? மணி தணிந்திருக்கும் மாதங்களில் கை கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு.

நம் தாயை ஓராண்டு கழித்துப் பார்ப்போம். மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். மணி எட்டு நாற்பது. மகன் வரவில்லை. நெஞ்சு இலேசாக அடித்துக்கொள்கிறது. அது இனி ஒருபோதும் அடிக்காது என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. போன் மேசையில் கிடக்கிறது. அவர் நோட்டை எடுத்து, பத்துக்கு ஐந்து என்று எழுதிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறார்.